கதவை மூடும் உரிமை

அரசர்களை வீழ்த்தியது வாள் என்று நினைப்பவர்கள் வரலாறு அறியாதவர்கள். ஐரோப்பாவை நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டது ஒரு மூடிய கதவு. இதை நான் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பலமுறை சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. சுவிஸில், ஆரே ஆற்றங்கரையில் ஒரு பழைய மடாலயம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே மத்தியகாலத் திருச்சபை அறையின் மூலையில் ஒரு நாற்காலி உண்டு. அதில் இருந்துகொண்டு, வருகிறவர்கள் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

வேலை நாட்களில் நான் நாற்காலி. வெள்ளிக்கிழமைகளில் நான் தலைவர். ஓல்டனில் டயர்க் களஞ்சியத்துக்கும் கார் கழுவும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற முருகன் கோயிலின் நிர்வாக சபைத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா. எங்கள் கோயிலுக்கு வந்துபோன பாலசிங்கத்தின் மகள் பவதாரணி, நடந்ததை எழுதித் தரும்படி கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

மடாலயத்தில் வழிகாட்டியாக இருப்பவர் திருமதி வீஸ். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து, அந்தக் காலத்தில் திருச்சபை என்னவெல்லாம் செய்யக்கூடியதாக இருந்தது என்று விளக்குவார். ஒரு மனிதனைச் சபையிலிருந்து விலக்கலாம். விலக்கப்பட்டவனோடு யாரும் உண்ணக்கூடாது. அவனுக்குத் திருமணம் இல்லை, மணியோசை இல்லை, செத்தால் நல்ல நிலத்தில் குழி இல்லை. ஒரு குருவானவர் மேல் கை வைத்தவன், ஒருவரும் தீர்ப்புச் சொல்லாமலே விலக்கப்பட்டவன் ஆகிவிடுவான். பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூலையில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் நிர்வாக சபையின் யாப்பு விதிகளில் இப்படி ஒன்றும் இல்லையே என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

போன தேர்த்திருவிழாவில் பாலசிங்கம் என் உடம்பில் கை வைத்தார். தேர், வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி டயர்க் களஞ்சியத்தின் பக்கம் திரும்பியபோது அது நடந்தது. நான் வடத்தின் தலைப்பில், மாலையோடு நின்றேன். அவர் கூட்டத்துக்குள்ளிருந்து பாய்ந்து வந்து என் இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்தார். பலர் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில், தலைவரின் உடம்பைத் திருவிழா நடுவில் பிடித்தவரைக் கோயிலிலிருந்து விலக்கி வைப்பதென்று முடிவானது. முடிவை நானே வாசித்தேன். பாலசிங்கம் எழுந்து ஏதோ சொல்ல வாய் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப இருந்துவிட்டார்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருடைய மனைவி கஜலக்சுமி வெள்ளிக்கிழமைகளில் சுவாமிக்கு மாலை கட்டுகிறவர். விலக்கு அவருக்கில்லைத்தான். ஆனால் விலக்கப்பட்ட வீட்டு மாலையை ஏற்றால் விலக்குக்கு என்ன மதிப்பு? அவர் கொண்டுவந்த மாலைகளைத் தொண்டர்கள் வாங்கி, வாசலில் சப்பாத்துக் கழற்றி வைக்கிற தட்டின் மேல் வைத்தார்கள். சில வாரம் அப்படியே கொண்டுவந்தார். பிறகு வரவில்லை. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அவருக்குப் புற்றுநோய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மார்கழி முடிய, ஐயர் என்னிடம் வந்தார். கஜலக்சுமி மருத்துவமனையில் கடைசி நாட்களில் இருப்பதாகவும், திருநீறு கேட்பதாகவும் சொன்னார்.

"ஒருக்காப் போயிட்டு வாறன் அண்ணை. கால் மணித்தியாலம்தான்."

"போங்கோ ஐயா. நான் ஏன் மறிக்கப் போறன்?" என்றேன். "உங்கட பெர்மிட் புதுப்பிக்கிற மாசமும் வருகுது. அதையும் ஒருக்கா யோசியுங்கோ."

அந்தக் காலத்தில் ஆயருக்கு மோதிரத்தையும் கோலையும் அரசன் கொடுப்பதா, பாப்பரசர் கொடுப்பதா என்று பெரிய சண்டை நடந்தது. எங்கள் ஐயருக்கு மோதிரம் கிடையாது. வதிவிட அனுமதி அட்டை உண்டு. அவர் எங்களிடம் வேலை செய்கிறார் என்று கன்ரோன் அரசுக்குக் கையெழுத்து வைப்பவன் நான். ஐயர் போகவில்லை. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

தை மாதத்தில் கஜலக்சுமி இறந்தார். தகனத்துக்கு வேறு ஊர்க் கோயில்களிலிருந்து ஐயரை அழைக்க முயற்சி செய்தார்கள். முன்னர் ஒரு நாட்டின் ஆயர்கள் எல்லோருக்கும் ஓலை அனுப்பக் குதிரை வேண்டியிருந்தது. எனக்கு வாட்ஸப் இருந்தது. ஒரு தலைவரின் மனவருத்தம் மற்றத் தலைவர்களுக்கு விளங்கும். ஒரு ஐயருக்கும் அன்று நேரம் கிடைக்கவில்லை. இறுதிச் சடங்கில் சுண்ணம் இடிக்கிற உரலும் உலக்கையும் கோயிலுடையவை. செத்தவீட்டுக்கு இரவல் கொடுப்போம். அவை இருக்கிற அறையைப் பூட்டி, திறப்பை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தகனத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை பாலசிங்கம் கோயிலுக்கு வந்தார். காலையிலிருந்து பனி கொட்டியபடி இருந்தது. வாசலில் நின்றார். உள்ளே விடவேண்டாம் என்று தொண்டர்களுக்குச் சொல்லியிருந்தேன். கதவைச் சாத்தினார்கள். அவர் கோபப்படவில்லை. கோயில் வாசல் என்றால் எல்லோரும் செய்வதுபோல, குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். காலுறையையும் கழற்றிச் சப்பாத்துக்குள் செருகினார். கைகூப்பிக்கொண்டு நின்றார்.

நான் அலுவலக அறையில் கமராத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடாலயத்தில் என் நாற்காலிக்கு நேரே ஒரு படம் தொங்குகிறது. பாப்பரசர் விலக்கிவைத்த ஜெர்மனிய அரசன், மலைக்கோட்டை வாசலில், பனியில், வெறுங்காலோடு நிற்கிறான். மன்னிப்புக் கேட்கிறான். அந்தப் படத்தைப் பார்த்தபடியே நான் நிறைய நாள் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். இப்போது அதே படம் திரையில் அசைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் எறிந்தது.

செயலாளர் லக்ஷ்மணன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணை, மனுசன் வெறுங்காலோட நிக்கிறார். சுகர்க்காரன். காலில உணர்ச்சி இல்லாத ஆள்."

"நிக்கட்டும். அரசனே நிண்டவன்."

"எந்த அரசன்?"

"ஜெர்மனி அரசன்."

லக்ஷ்மணன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவனுக்குச் சுகர் இருந்ததோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

திறக்கக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். திறப்பதாகத்தான் இருந்தேன். தீபாராதனை முடிய, பொன்னாடையோடு வெளியே போய், அவரைத் தோளில் பிடித்து அணைத்து, எல்லோருக்கும் கேட்க மன்னிப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் பனி காரணமாகச் சனம் குறைவு. ரயில் பிந்துகிறது என்றார்கள். இன்னும் கொஞ்சப் பேர் வரட்டும் என்று காத்திருந்தேன். நான் பொன்னாடையின் மடிப்பைச் சரிசெய்து முடித்தபோது, பவதாரணியின் கார் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சப்பாத்து வாசலிலேயே கிடந்தது.

தகனத்தில் ஐயர் இல்லை, சுண்ணம் இல்லை. பவதாரணி இங்கே பிறந்த பிள்ளை. தேவாரத்தை ஜெர்மன் எழுத்தில் எழுதிவைத்து, தட்டுத்தடுமாறி அவளே பாடினாள் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. பாலசிங்கத்தின் வலது காலில் முதலில் விரல்களை எடுத்தார்கள். பங்குனியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

போன மாதம் பவதாரணி மடாலயத்துக்கு வந்தாள். அனுமதிச்சீட்டு வாங்கி, மற்றவர்களோடு நின்று, திருமதி வீஸ் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். பாப்பரசர் அரசனுக்குக் கதவைத் திறந்தார். சில ஆண்டுகளில் அதே அரசன் படையோடு திரும்பி வந்தான். பாப்பரசர் நகரத்தை விட்டு ஓடி, வேறு ஊரில் செத்தார். இந்த இடம் வரும்போது நான் வழக்கமாக எழுந்து அடுத்த அறையைப் பார்க்கப் போய்விடுவேன். அன்று அவள் என் நாற்காலிக்கு முன்னால் நின்றதால் எழும்ப முடியவில்லை.

"அங்கிள், அந்த அரசனுக்குக் கடைசியாக் கதவு திறந்ததுதானே?"

"ஓம் பிள்ளை."

"அப்பா என்ன செய்தவர்? அதை மட்டும் சொல்லுங்கோ. நான் கேட்டால் கதைக்கிறார் இல்லை. அம்மாவும் கேட்டவா. சாகும்வரை கேட்டவா. அவவுக்கும் சொல்லேல்லை. அங்கிளிட்டக் கேள் எண்டு மட்டும் சொல்லுறார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் யாருக்கும் சொல்லவில்லை. மனைவி திருநீறு இல்லாமல் போனபோதும், வெளியே நின்றபோதும், கால் போனபோதும் சொல்லவில்லை. அவர் வாய் திறக்கக்கூடாது என்பதற்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வாயைத் திறக்கும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை.

கோயிலின் புனிதம், தலைவர் பதவியின் மரியாதை என்று கூட்டத்தில் நான் வாசித்ததெல்லாம் பொய். பவதாரணி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். தேர் திரும்பும்போது வடம் இழுத்த இழுப்பில் என் பட்டு வேட்டி அவிழ்ந்து விழுந்தது. உன் அப்பா பாய்ந்து வந்து, தன் சால்வையை என் இடுப்பில் சுற்றிக் கட்டி, யாருக்கும் தெரியாமல் மறைத்து நின்றார். அவர் என்னைப் பிடித்ததைத்தான் மற்றவர்கள் கண்டார்கள்; வேட்டி விழக் கண்டது அவர் ஒருவர்தான்.

அன்று நான் உள்ளே ஒன்றும் போட்டிருக்கவில்லை.