ஆயுசுக்கும்னு பாடினது யாரு

அநியாயம் நடந்தது எங்க சின்னண்ணன் இனியனுக்கு சார். பண்ணது நீங்க. அவனக் கேக்காம அவன் வாயில ஒரு பாட்ட வெச்சீங்க. இல்ல, கேமராவ எடுக்காதீங்க, மொதல்ல நான் பேசிக்கிறேன். அண்ணான்னே கூப்பிடலாம்தான். அந்த வார்த்தைய நீங்க ஏற்கெனவே ஜாஸ்தியா யூஸ் பண்ணிட்டீங்க, அதனால சார்தான்.

உக்காருங்க. அதுல இல்ல, அது பெரியண்ணனோட வீல்சேர்.

நீங்க போட்ட அந்தப் பௌர்ணமி வீடியோல என்ன இருக்கு? கிரிவலக் கூட்டத்துக்குள்ள இனியன் வீல்சேர் தள்றான், லாரி மோதி கால் போன எங்க பெரியண்ணன் பாலாஜி அதுல சிரிக்கிறான். ஏன் சிரிச்சான்னு கேட்டீங்களா? இனியனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ல வேலை கெடச்சிருந்துது. போறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்திடலாம்ணான்னு கூட்டினு போனான். ஹாஸ்டல் சாப்பாட்டுல எளச்சி ஈர்க்குச்சி ஆகப்போறடான்னு பாலாஜி அண்ணன் வழியெல்லாம் கிண்டல் பண்ணினே வந்தான். அது வழியனுப்புற சிரிப்பு சார். அதுமேல நீங்க போட்ட பாட்டு, அண்ணா உன் காலு நானே, ஆயுசுக்கும் நானேன்னு.

நல்ல பாட்டுதான், இல்லன்னு சொல்லல. அர்த்தத்த யோசிச்சீங்களா? காலு நானேங்கறது பாசம். ஆயுசுக்கும்ங்கறது? கோர்ட்லகூட நாலு வார்த்தை கேட்டுட்டுதான் ஆயுள் தண்டனை குடுப்பாங்க. இருங்க, முடிக்கல. அந்தப் பாட்டுல கால் குடுக்கறவன்தான் பாடறான். ஒக்காந்திருக்கறவனுக்கு ஒரு வரிகூட இல்ல. அந்த வீடியோ வந்ததுலேந்து பாலாஜி அண்ணன் வாசலுக்கே வர்றதில்ல. உள்ளதான் இருக்கான், கேக்கட்டும்.

இனியன ஊரே சாமின்னுச்சு. அம்மா வயசு பொம்பளைங்க நடுரோட்டுல அவன் கால்ல விழுந்தாங்க. வேலைக்கு சேர வேண்டிய நாளு வந்துது, போச்சு. எந்த மூஞ்சிய வெச்சினு கெளம்புவான்? அப்புறம் போன மாசம் கம்பெனிலேந்து மறுபடி கூப்பிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாம போய் சேந்துட்டான். சாமி மலையேறிடுச்சு போலன்னு உங்க வீடியோக்குக் கீழதான் எழுதறாங்க, படிச்சீங்களா?

வீடியோவ எடுத்துடறீங்களா? எடுங்க. ஊர்ல எல்லார் போன்லயும் கெடக்கே, அத யாரு எடுப்பாங்க?

என்னது, ரெண்டாவது பாகத்துக்கு ஒரே ஒரு நாள் இனியன வரச் சொல்லணுமா?

சார், வாதாட எனக்கு நல்லா வரும். காலேஜ்ல கப்பெல்லாம் வாங்கியிருக்கேன். பாலாஜி அண்ணன தூக்கத்தான் வரல. அம்மா இடுப்பு புடிச்சி படுத்துடுச்சு. நேத்து அவன பாத்ரூமுக்கு கூட்டினு போறப்ப ரெண்டு பேரும் விழுந்துட்டோம். எழுப்பி விட ஆளில்ல. ஈரத்தரையிலயே ஒக்காந்துனு இருந்தோம். அந்த எடத்துல, சார், இவ்ளோ பேசறேனே, நானும் போனத்தான் எடுத்தேன். இனியனக் கூப்பிட்டுடட்டுமாணான்னு கேட்டேன்.

செவுத்தப் பாத்துனே பாலாஜி அண்ணன் சொன்னான்.

கூப்பிடாத கவி. கூப்பிட்டா வந்துடுவான்.