செவுள் பார்க்கும் வகுப்பு

மீன் வாங்கத் தெரிந்தவர்களுக்கு கள்ள மெயிலை இனங்காணச் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலை இல்லை, மேடம். எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் யாரும் மீனின் முதுகைப் பார்த்து வாங்குவதில்லை. விரலை விட்டுச் செவுளைத் தூக்கி, சிவப்பா வெளிறலா என்று பார்ப்பார்கள். வகுப்பின் முதல் நாள் நான் இதைத்தான் சொன்னேன். மெயிலுக்கும் செவுள் இருக்கு, அனுப்பினவரின் முகவரிதான் செவுள், பெயரை நம்பாதேங்கோ, தூக்கிப் பாருங்கோ. மண்டபம் முழுவதும் சிரித்தது. அதன்பிறகு யாருக்கும் மறக்கவில்லை.

நடந்ததை நானே எழுதித் தரவேண்டும் என்று கேட்டீர்கள். நேரில் என்றால் நான் வேகமாகப் பேசிவிடுவேன், எழுதினால் ஒழுங்காக வரும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் வகுப்பு. பதினைந்து இருபது பேர் வருவார்கள். நான்கு படிகள் சொல்லிக்கொடுத்தேன். முதலாவது, செவுள். இரண்டாவது, அவசரம். 'இண்டைக்கே அனுப்பு, இல்லாட்டி போச்சு' என்று வருவது, வெயில் ஏறமுன் பழைய மீனைத் தள்ளிவிடப் பார்க்கிறவனின் குரல். மூன்றாவது, என்ன கேட்கிறார்கள். வங்கி விபரம் கேட்டால் கையை எடு. நான்காவது, மெயிலை மூடிவிட்டு, அந்த நிறுவனத்தின் இலக்கத்தை நீயாகவே தேடியெடுத்துக் கூப்பிட்டுக் கேள். மெயிலில் இருக்கும் இலக்கத்துக்கு அல்ல.

டினோஜா என்னைவிட மூன்று வயது இளையவள். வகுப்புக்கு வரும்போது அவளுக்கு ஒரு மெயிலைத் திறக்கத் தெரியாது. அவளுடைய அப்பா கொன்ஸ்ரன்ரைன் கடலில் காணாமல்போய் இரண்டு வருடம். அவளுடைய அம்மா றஞ்சிதம் அன்ரி கருவாடு போட்டுத்தான் வீட்டைக் கொண்டுபோனா. குவைத்துக்கு வீட்டுவேலைக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் டினோஜாவின் பாஸ்போட்டை வாங்கி வைத்திருந்தான். கொழும்பில் இருக்கும் உங்கள் இணையப் பாதுகாப்பு நிலையம் மன்னாரிலிருந்து ஒரேயொருவருக்குப் பயிற்றுநர் இடம் தருகிறது என்ற அறிவித்தலை அவளுக்குக் காட்டியதே நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது. கொழும்புக்குத் தனியாகப் பஸ்ஸில் போக எனக்கு விருப்பமில்லை, துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. இரண்டு விண்ணப்பத்தையும் என் லப்ரொப்பில் நானே அடித்தேன். என்னுடையது நான்கு பக்கம். அவளுடையது முக்கால் பக்கம்.

நேர்முகத்தில் நான் வரைவிலக்கணம் சொன்னேன், புள்ளிவிபரம் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பிறகு அவள் உள்ளே போனாள். கதவுக்கு வெளியே கதிரையில் இருந்த எனக்கு உங்கள் எல்லோருடைய சிரிப்பும் கேட்டது.

"என்னடி சொன்னனி?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"ஐயோ அக்கா, எனக்கு ஒண்டும் வாயில வரேல்ல. உங்கட செவுள் கதையத்தான் அப்பிடியே எடுத்து விட்டன். அந்த மேடம் கண்ணில தண்ணி வர சிரிச்சவா."

"என்ர பேரச் சொன்னனியோ?"

"பேர் ஞாபகம் வந்தாத்தானே. நடுங்கிக்கொண்டெல்லோ இருந்தனான்."

மதவாச்சி தாண்டும்போது அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். நான் தோளை அசைக்கவில்லை. நான் கெட்டவள் என்றால் அசைத்திருப்பேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் மெயிலைப் பிரின்ற் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோசத்தில் குதிக்கவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. சொல்லிக்கொடுத்ததைச் செய்வாள்.

"அக்கா, எனக்கு இடம் கிடைச்சிட்டுதாம். ஆனா பேங்க் புத்தகத்தின்ர முதல் பக்கம் கேக்கிறாங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னமாம். உண்மையோ?"

நான் உண்மை என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"செவுள் என்ன சொல்லுது?"

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். "விண்ணப்பம் அனுப்பின முகவரி இல்லை. வேற."

"அவசரம்?"

"வெள்ளிக்கிழமை."

"என்ன கேக்கிறாங்கள்?"

அவளுடைய முகம் இறங்கியது. பிறகு ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆனா அக்கா, மரிய டினோஜா எண்டு ஞானஸ்நானப் பேரப் போட்டிருக்கிறாங்கள். பள்ளிக்கூடத்தில கூட அந்தப் பேர் இல்லை. வெளியாக்களுக்கு எப்பிடித் தெரியும்?"

விண்ணப்பத்தில் அந்தப் பெயரை அடித்தது நான். முழுப்பெயர் என்று கேட்டிருந்தது.

"கோயில் அறிவித்தல் பலகையப் படமெடுத்து முகநூலில போடுறது ஆர்? நாங்கள்தானே," என்றேன். அதுவும் பொய்யில்லை. எங்கள் இளைஞர் மன்றம் ஒவ்வொரு ஞாயிறும் போடும்.

அவள் அந்தத் தாளை இரண்டாக மடித்தாள். "நல்லகாலம் உங்களிட்ட வந்தன்," என்றாள்.

நான்காவது படியை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. செய்தது என்று பார்த்தால் அவ்வளவுதான் செய்தேன்.

வியாழக்கிழமை அவள் மறுபடி வந்தாள், சிரித்துக்கொண்டு. "அந்தக் கள்ளர் கோல் எடுத்தவங்கள் அக்கா. ஒரு பொம்பிளை, நல்ல பக்குவமாக் கதைக்கிறா. 'மீன் பிடிக்கிற ஊரில வந்து எனக்கே தூண்டில் போடுறியோ' எண்டு ஏசிப்போட்டு வச்சிட்டன்." அந்த ஏச்சை வாங்கியது நீங்கள்தான் என்று, நான் நிலையத்தில் சேர்ந்த முதல் கிழமை நீங்களே சிரித்துச் சொன்னீர்கள். ஞாபகம் இருக்கும்.

அடுத்த ஞாயிறு அந்த மெயிலை மண்டபத்துத் திரையில் போட்டுக் காட்டச் சொன்னேன். டினோஜாவே எழுந்து மூன்று அடையாளங்களையும் விளக்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் வெட்கப்பட்டாள். உப்புக்குளத்திலிருந்து வரும் ஸஹ்றா மட்டும், "நாலாவது செஞ்சு பாத்தீங்களா?" என்று கேட்டாள். நேரம் போய்விட்டது என்று வகுப்பை முடித்தேன்.

அது உண்மையான மெயில் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் தாளோடு ஓடிவந்ததற்கு முந்தின நாள் அதே முகவரியிலிருந்து எனக்கும் ஒன்று வந்திருந்தது. வருந்துகிறோம், காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் முதலாவது, தெரிவுசெய்யப்பட்டவர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் தராவிட்டால் அறிவிப்போம் என்று. அன்றைக்கே நான் நான்காவது படியையும் செய்தேன். உங்கள் நிலையத்தின் இலக்கத்தைத் தேடியெடுத்துக் கூப்பிட்டு, உண்மையா என்று கேட்டேன். உண்மை என்றார்கள். வெள்ளிக்கிழமை கழிந்ததும் இடம் எனக்கு வந்தது.

மாதம் முடியமுன் டினோஜா குவைத்துக்குப் போனாள். நான்தான் அவளுக்குச் சூட்கேஸ் கட்டினேன். என் புதுத் துவாயை வைத்தேன். நான்கு மாதம் அவள் கிழமைக்கு ஒருதடவை கதைத்தாள். பிறகு கதைக்கவில்லை.

லீவில் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது றஞ்சிதம் அன்ரி வந்தா. கையில் பிரின்ற் எடுத்த ஒரு தாள். இங்கிலீசில் இருந்தது.

"பிள்ளை, டினோஜாட பேர் கிடக்கு. என்னெண்டு ஒருக்காப் பார் மோள்."

குவைத்தில் இருக்கும் ஒரு பாதுகாப்பு இல்லத்திலிருந்து வந்த மெயில். டினோஜா தங்களிடம் இருக்கிறாள், வீட்டுக்காரர் கொடுக்காத சம்பளத்தை வாங்கி வைத்திருக்கிறோம், தாயின் வங்கிக் கணக்கு விபரம் கிடைத்ததும் கோப்பை மூடி, பத்தாம் திகதி ஊருக்கு வரும் ஆட்களோடு அவளையும் ஏற்றிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். வலது கையில் இஸ்திரிப்பெட்டியால் சுட்ட காயம் ஆறிவருகிறது என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் அன்ரிக்கு நான் வாசித்துச் சொல்லவில்லை. தாய் மனம் தாங்காது.

அவள் வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். கொழும்பில் என் வகுப்புகளைப் பார்க்க வருவாள். உங்களைச் சந்திப்பாள். நீங்கள் மறுபடி சிரிப்பீர்கள்.

"பேங்க் விபரம் கேக்கிறாங்கள் அன்ரி," என்றேன்.

அன்ரி தாளை என் கையிலிருந்து வெடுக்கென்று பறித்தா. "என்ர பிள்ளைட பேரச் சொல்லியோ கொள்ளையடிக்கப் பாக்கிறாங்கள்? நாசமாப் போவாங்கள்." கொள்ளை என்ற வார்த்தையைச் சொன்னது அவ, நான் இல்லை. தாளைக் கிழித்து எங்கள் வீட்டு அடுப்பிலேயே போட்டா. போகும்போது எனக்கு ஒரு பை பாரைக் கருவாடு தந்தா.

பத்தாம் திகதி போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் அன்ரி இந்தக் கதையை ஸஹ்றாவிடம் சொல்லியிருக்கிறா. ஸஹ்றா அன்ரியிடம் இல்லத்தின் பெயரைக் கேட்டு, இலக்கத்தைத் தானாகவே தேடியெடுத்துக் கூப்பிட்டிருக்கிறாள். டினோஜாவே கதைத்தாளாம். அதன்பிறகு ஸஹ்றா பழைய மெயிலையும் நினைத்துப் பார்த்து உங்களைக் கூப்பிட்டாள். நல்ல பிள்ளை. நான்காவது படியை என்னிடம்தான் படித்தாள்.

டினோஜா வரும் வியாழக்கிழமை வந்து இறங்குகிறாள் என்று சொன்னீர்கள். இடத்தை அவளுக்கே கொடுக்கப்போவதாகவும் சொன்னீர்கள். அது உங்கள் முடிவு, நான் தலையிடவில்லை. என் சாமான்களைக் கட்டிவிட்டேன். மெயில் இரண்டும் உண்மை என்று எனக்கு அப்போதே தெரிந்துதான் இருந்தது. இதையும் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன்.

எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை, மேடம். ஒரேயொரு வேண்டுகோள். அவள் வகுப்பு எடுக்கத் தொடங்கும்போது, அந்தச் செவுள் கதையை மட்டும் அவள் சொல்லக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். அது என்னுடையது.