நாலாவது படுக்கை

முதுமலைக்கு மே மாதம் போக வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும், ஐயா. கடைசி நேரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் தங்க இடமில்லாமல் பிள்ளைகுட்டிகளோடு ரோட்டில் நின்று முழிப்பார்கள். எனக்கு அந்த அவசரக்குடுக்கை வேலை ஆகாது. எதையும் வரிசையாகச் செய்தால்தான் தூக்கம் வரும். இதையும் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் எழுதிக்கொள்ளச் சௌகரியமாக இருக்கும்.

என் பெயர் குணசேகரன், வயது ஐம்பத்தெட்டு. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைச் செம்மேட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கண்டக்டராக இருந்தேன். மனைவி மணிமேகலை போய்ச் சேர்ந்த பிறகு, பேளுக்குறிச்சிக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கும் தம்பி செங்கோட்டையன் வீட்டோடு வந்துவிட்டேன். அங்கே தம்பி, அவன் சம்சாரம் கோகிலா, ஒன்பது வயது மகள் ரஞ்சிதா. எல்லோரும் நல்ல மனிதர்கள். எனக்கு ஒரு நாள்கூடச் சோற்றில் குறை வைத்ததில்லை. ரஞ்சிதாவோ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என்னிடம்தான் வருவாள்.

காட்டில் யானை நிஜமாகவே நடுரோட்டில் நிற்குமா என்று அவள்தான் கேட்டாள். நின்றால் பார்க்கலாமே என்றேன். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். தம்பியிடம் ஒரு பழைய பள்ளிக்கூட வேன் இருந்தது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆட்களை ஏற்றிப் போக வாங்கியது, நல்ல நீளமான வண்டி. அதை நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் விட்டு நாலு படுக்கை, ஓர் அடுப்பு மேடை, ஒரு சின்னக் கக்கூஸ் வைத்து வீடு மாதிரி ஆக்கிவிடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். அளவெடுத்துப் படம் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

அறுபது பக்க நோட்டு ஒன்று இதற்கென்றே வாங்கினேன். நான் சொல்லச் சொல்ல ரஞ்சிதா எழுதுவாள். காட்டுக்குள் வண்டியை நிறுத்தித் தூங்க விடமாட்டார்கள், அதனால் மசினகுடிப் பக்கம் சுற்றுச்சுவர் உள்ள இடமாகப் பார்த்து இரண்டு நாளுக்குச் சொல்லி வைத்தோம். தண்ணீர்க் கேன் எத்தனை, கொசுவத்தி எத்தனை, சந்தையில் வாங்க வேண்டிய மிளகு சீரகம் எவ்வளவு, யாருக்கு எந்தப் படுக்கை, எல்லாம் அதில் இருக்கிறது. ஜன்னலோர மேல் படுக்கை அவளுக்கு, அதன் கீழே எனக்கு. வண்டியின் பின்னால் கேமரா மாட்டலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தோம். அண்ணன் இருக்கும்போது கேமரா எதற்கு என்று தம்பி அதை அடித்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பங்குனிப் பாதியில் வண்டி பட்டறையிலிருந்து வந்தது. லாரிக்கு எழுதுகிற பெயிண்டர் ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் மஞ்சள் எழுத்தில் பெயர் எழுதி, பக்கத்தில் ஒரு தாமரையும் போட்டிருந்தார். செங்கோட்டையன், கோகிலா, ரஞ்சிதா. நாலாவது படுக்கையில் சின்னுசாமி என்று இருந்தது.

சின்னுசாமி கோகிலாவின் தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. நோட்டில் எங்கேயும் அவன் பெயர் கிடையாது. நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுத் தம்பி பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தான்.

“மாடு கன்னை யாருங்கண்ணா பாக்கறது? நீங்க ஊட்ல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்.”

சரிப்பா என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். வயிறு எரிந்தது, அது வேறு. பெயிண்டருக்குக் கொடுத்தனுப்பிய துண்டுச்சீட்டு டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்தது. வண்டியைக் கூட்டும்போது எடுத்துப் பார்த்தேன். நாலு பெயரும் ரஞ்சிதாவின் கையெழுத்து. குழந்தைதானே, சொன்னதை எழுதியிருப்பாள். அதை மடித்து நோட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் நோட்டில் புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். இந்தப் பக்கத்தை நானே எழுதினேன். தலைப்பு வெள்ளோட்டம். அவ்வளவு தூரம் போகிற வண்டியை ஒரு தடவை மலையில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிட்டால் முதுமலைப் பாதையெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்றேன். தம்பி உடனே ஒத்துக்கொண்டான். முள்ளுக்குறிச்சி வழியாகப் போனால் ரோடு அகலம், நீள வண்டிக்கு அதுதான் தோது. முதலில் அதைத்தான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டுக் காரவள்ளி வழி என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மொபெட்டை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு தடவை போய்ப் பார்த்து வந்தேன். முன்கூட்டிப் போய்ப் பார்க்காமல் நான் எந்த ஏற்பாடும் செய்வதில்லை. ஐம்பத்தொன்றாவது வளைவில் போன மழைக்குத் தடுப்புச்சுவர் இடிந்து, நாலு மூங்கிலை நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். டேப்பை வைத்து அளந்தேன். வேனுடைய நீளத்துக்கு அந்த வளைவை ஒரே வெட்டில் திருப்ப முடியாது. முன்னால் போய், கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போக வேண்டும்.

இங்கே ஒரு வழக்கத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மலை ரூட்டில் பெரிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் இறங்கி நின்று ‘வரட்டும், வரட்டும்’ என்று சொல்லுவார். சொல்லிக்கொண்டே இருக்கும்வரை டிரைவர் வண்டியை விடுவார். சத்தம் நின்றால் வண்டி நிற்க வேண்டும். டிரைவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கமாட்டார். பார்த்தால் பின்னால் நிற்கிற ஆளை நம்பவில்லை என்று அர்த்தம், அது மரியாதைக் குறைவு. இருபத்தாறு வருடத்தில் என் வாய்ச்சொல்லுக்கு ஒரு பஸ்ஸில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. தம்பி வண்டி ஓட்டப் பழகியதே என் சத்தத்தைக் கேட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கோகிலா புளிச்சாதம் கட்டிக்கொடுத்துவிட்டு, பால் ஊற்ற ஆள் வேண்டுமே என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். தம்பி ஓட்டினான். நானும் ரஞ்சிதாவும் பின்னால். மலையேற ஆரம்பித்ததும் அவளுக்கு ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து முகரச் சொன்னேன், வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். இருபதாவது வளைவு தாண்டியதிலிருந்து பின்னால் எடுக்க வேண்டிய இடங்களில் எல்லாம் அவளையும் இறக்கிக் கூடவே நிறுத்திக்கொண்டேன். கண்டக்டர் வேலை பழகுகிறாயா என்று கேட்டேன். அவளுக்கு ஒரே குஷி. டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி அவள் நிற்பாள். நான் எதிர்ப்பக்கம், பள்ளத்து ஓரம். நான் தலையாட்ட, அவள் சொல்லுவாள். எட்டு வளைவில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பெரியப்பனைவிட நீ நன்றாகச் சொல்கிறாய் சாமி என்று தம்பி சிரித்தான்.

ஐம்பத்தொன்றாவது வளைவில் முதலில் போய் ரிப்பனை அவிழ்த்து, மூங்கிலைப் பிடுங்கி ஓரமாகப் போட்டேன், வண்டியில் பட்டுக் கீறல் விழும் என்று தம்பியிடம் சொன்னேன். ஒரு ‘வரட்டும்’ சொன்னால் அந்த வேன் இரண்டடி வரும். அங்கே நாலு தடவை சொல்லலாம், அதற்குமேல் இடமில்லை. நான் தலையாட்டினேன். அவள் சொன்னாள். நாலாவது தடவை சொன்னதும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வண்டியும் நின்றது. கெட்டிக்காரப் பிள்ளை, ஐயா. எட்டே வளைவில் வண்டி நிற்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“போதுங்களா பெரியப்பா?”

“இன்னும் ரெண்டு சொல்லு கண்ணு.”

சொன்னாள். ஆறாவது தடவை சொன்னபோது இடது பின் சக்கரத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது, அவள் நின்ற இடத்திலிருந்து தெரியாது. தம்பி கண்ணாடியில் மகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. கடைசிவரை அவன் பயப்படவில்லை என்பது எனக்கு ஆறுதல்தான். வண்டி சாய்ந்ததும் நான் ஓடிப்போய் என் துண்டால் அவள் கண்ணை மூடிவிட்டேன். முந்தின நாளே துவைத்து எடுத்து வைத்திருந்த துண்டு.

மண் சரிந்து வண்டி உருண்டதென்று எழுதினீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை, நீங்களும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. காரியமும் முடிந்தது. ரஞ்சிதா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதிர்ச்சி, போகப்போகச் சரியாகும் என்று சேலத்தில் டாக்டர் சொன்னார். கோகிலா மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தாள். அந்தப் பிள்ளை ஏன் பேசவில்லை என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ‘வரட்டும்’ சொன்னது தன் வாய் என்று இருக்கிறாள். இப்படி ஆகுமென்று நான் யோசித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதினேன், இதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

பதினேழு நாளும் சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் படித்துக் காட்டினேன். நேற்றுத் தண்ணீர்க் கேன் பக்கம் படித்துக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, பெரியப்பா?”

ஆமாம் கண்ணு என்றேன். அவளிடம் நான் எப்போது பொய் சொல்லியிருக்கிறேன். அவள் எழுந்து அம்மாவிடம் போய் மடியில் படுத்துக்கொண்டாள். இரவு முழுவதும் உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. பேசிவிட்டாளே என்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? காலையில் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. தூங்கட்டும் என்று முதல் பஸ்ஸில் இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

இப்படி எழுதிக்கொள்ளுங்கள். செங்கோட்டையனைக் கொன்றது அவன் அண்ணன் குணசேகரன். வளைவைப் பார்த்தது, அளந்தது, மூங்கிலைப் பிடுங்கியது, இன்னும் இரண்டு சொல்லச் சொன்னது, எல்லாம் நான். குழந்தையின் குரலை இரவல் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். அவள் பெயர் எதிலும் வரக்கூடாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. மே நாலாம் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. ஈரோட்டில் வாடகைக்கு ஒரு வண்டி பேசிவிட்டேன், அதிலும் நாலு படுக்கைதான், பெயர் ஒன்றும் எழுதியிருக்காது. சின்னுசாமி வேலைக்குப் போய்விட்டான். மாட்டைக் கோகிலா பார்த்துக்கொள்வாள். ஜன்னலோர மேல் படுக்கை ரஞ்சிதாவுக்கு, அதன் கீழே எனக்கு, நோட்டில் முதலில் எழுதியபடியே. யானை பார்க்க வேண்டும் என்று எத்தனை நாளாகக் காத்திருக்கிறாள், பாவம். நான் இல்லாமல் அவள் எங்கேயும் கிளம்பமாட்டாள், ஐயா.