சூரியனில் ஓடாத ஆறு

அவையைத் தம் பொறுமையால் ஆண்டுகொண்டிருக்கும் தலைவர் அவர்களே, ஆய்ந்து ஆய்ந்து நரைத்த ஆன்றோர்களே, பிள்ளைகளை மடியிலும் பேச்சாளரைப் பார்வையிலும் அடக்கி வைத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நம் ஆய்வகத்தின் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நானோ, ஒரு கண்டுபிடிப்பு காணாமல் போன கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சூரியன் சும்மா இருப்பதில்லை. அதன் மேற்பரப்பு ஓயாமல் அதிர்கிறது, ஏறுகிறது, இறங்குகிறது. அந்த அதிர்வை அளந்தால், கண்ணுக்கு எட்டாத உள்ளே எது எங்கே ஓடுகிறது என்று கணக்கிடலாம். எங்கள் ஆய்வாளர் அம்மையார் அப்படித்தான் ஒன்றைக் கண்டார். தெற்கிலிருந்து வடக்கே, சூரியனின் நடுக்கோட்டைத் தாண்டி ஓடும் நெருப்பாறு! பாராட்டு வந்தது, பத்திரிகையில் படம் வந்தது, பெரிய மாநாட்டில் பேச அழைப்பும் வந்தது.

அவருக்கு மட்டும் உறுத்தியது. ஏன்? சூரியன் பக்கவாட்டில் வேகமாகச் சுழல்கிறது. படமெடுக்கும் கேமரா மயிரிழை சாய்ந்திருந்தால் போதும். அந்தச் சுழற்சியில் ஒரு துளி, வடக்கே ஓடும் ஆறாக வேடம் போட்டுவிடும். ஆறு அங்கே ஓடுகிறதா, கேமரா இங்கே சாய்கிறதா?

கேமராவைப் பொருத்தியவர் யார்? அவருடைய அக்காவின் கணவர்! சிரிக்கிறீர்கள். அன்று அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"அத்தான், கேமரா கொஞ்சம் சாஞ்சிருக்குமோ?"

"நான் பொருத்தினதா? ரசமட்டம் வச்சுப் பாத்தேம்மா. முதல்ல உன் கணக்கைப் பாரு."

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "ஏண்டி, உலகமே உன்னைப் பாராட்டுது. இவர் தலைய உருட்டினாத்தான் உனக்குத் திருப்தியா?"

இன்னும் லட்சம் படங்களைச் சேர்த்தால் சரியாகுமே என்றார்கள் சிலர். ஆகுமா? எல்லாப் படமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், சேர்க்கச் சேர்க்கப் பிழை தேயுமா? தேயாது, தோழர்களே! உண்மையைவிட உறுதியாக உருவெடுத்து நிற்கும்!

அம்மையார் காத்திருந்தார். புதன் கோள் சூரியனின் முகத்தைக் கடக்கும் நாள் வந்தது. அது போகும் பாதை முன்பே கணித்த பாதை. யார் முகத்துக்காகவும் வளையாத பாதை. திரையில் கறுப்புப் புள்ளி நகர்ந்தது. நகர நகர, கணித்த கோட்டைவிட்டு விலகியது.

பக்கத்தில் நின்ற அத்தான் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "இப்பவே நேராக்கிடறேன்."

"தொடாதீங்க அத்தான்! இத்தனை வருஷப் படமும் இதே சாய்வுலதான் இருக்கு. எவ்வளவு சாய்வுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு, கணக்குல கழிச்சுக்கலாம். இதைத் திருப்பினா புதுசா ஒரு தப்பு உள்ள வரும்."

கழித்தார். ஆறு வற்றியது. சொட்டு மிஞ்சவில்லை.

பேச அழைத்திருந்த அதே மாநாட்டுக்குப் போனார். அதே மேடையில் ஏறினார். "நான் சொன்ன ஆறு இல்லை" என்றார். கட்டுரை அச்சுக்குப் போகும்முன் அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தச் சாய்வு எவ்வளவுன்னு போடற இடத்துல, பொருத்தினது நான்னு என் பேரையும் போடும்மா."

போட்டார்கள். இன்று அந்தப் படங்களை எடுத்து ஆராய்பவர் எவராயினும், எந்த மூலையில் இருந்தாலும், முதலில் அந்தச் சாய்வைக் கழிக்கிறார். பிறகே சூரியனைப் பார்க்கிறார். புகழ் போனது, பொய் போனது, மிஞ்சியதெல்லாம் மெய்! இதைவிட என்ன வேண்டும் ஓர் ஆய்வகத்துக்கு?

அக்கா சமாதானமானாரா என்கிறீர்களா? அதோ, மூன்றாம் வரிசையில், இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார். முறைக்காதீர்கள் தாயே, முடித்துவிட்டேன். செவி கொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.