தரையை விட்ட கால்

டீயில் ஆடை படிந்துவிட்டால் என்னால் குடிக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீங்கள் அன்போடு கொடுத்ததை அப்படியே வைத்துவிட்டேன் என்று தப்பாக நினைக்காதீர்கள், சார். கோபமும் இல்லை, பயமும் இல்லை. அந்த மெல்லிய தோல் உதட்டில் ஒட்டுவதை நினைத்தாலே குமட்டுகிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொருவருக்கும் ஒத்துக்கொள்ளாதது என்று ஏதாவது இருக்கும். எனக்கு ஒத்துக்கொள்ளாத இன்னொன்று, பந்து எறியும்போது தரையை விட்டு எழும்பும் கால்.

நீங்கள் பெண்கள் ஆடும் சாஃப்ட்பால் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எறிகிறவள், நடுவில் பதித்திருக்கும் வெள்ளை ரப்பர் பலகையில் இரண்டு கால்களையும் வைத்து நிற்க வேண்டும். கைகளைச் சேர்த்து ஒரு கணம் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு கை ஒரே ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குக் கீழே, உடம்பை ஒட்டி வந்து பந்தை விட வேண்டும். இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. வில்லங்கமெல்லாம் காலில்தான். ஒரு கால் முன்னால் பாயும்போது, பலகையை உந்திய கால் தரையை உரசிக்கொண்டே பின்னால் வர வேண்டும். சிலர் அதைத் தூக்கி, பலகைக்குச் சற்று முன்னால் ஊன்றி, அங்கிருந்து மறுபடி உந்துவார்கள். பந்து வேகம் பிடிக்கும், மட்டை பிடித்து நிற்பவளுக்கு இன்னும் கிட்டத்திலிருந்து வரும். அதற்குப் பெயர் திருட்டு. அடுத்தவன் சட்டைப்பையில் கை விடுவதற்கும் அதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். விடுமுறை நாட்களில் எங்கள் ஊர் சாஃப்ட்பால் லீக் போட்டிகளுக்கு அம்பயர். மைதானத்தைச் சீர்செய்வதும் நான்தான். அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தவர்கள் செய்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

பேக்கரிக்காரரின் மகளுக்கு நான் மனசுக்குள் தவளை என்று பெயர் வைத்திருந்தேன். அவள் எறியும்போது பின்கால் எழும்பி, தொப்பென்று மண்ணில் விழும். புழுதி கிளம்பும். ஜனங்கள் வாய் நிறைய பிஸ்கட்டை வைத்துக்கொண்டு கைதட்டுவார்கள், துகள்கள் முன்வரிசைக்காரர்களின் முதுகில் தெறிக்கும். ஒரு ஆட்டத்தில் அவள் எறிந்த பந்தையெல்லாம் செல்லாது என்று அறிவித்தேன். அவள் அழுதுகொண்டே வெளியே போனாள். லீக் செயலாளர் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்தப் பொண்ணப் பாக்கத்தான் சார் கூட்டமே வருது. கால் எங்க இருக்குன்னு யார் பாக்குறா? கொஞ்சம் கண்டுக்காம விடுங்களேன்."

பேசும்போது அவர் கடைவாயில் எச்சில் நுரைத்திருந்தது. சரி என்றேன்.

என் மகளும் பந்து எறிகிற பிட்சர்தான், எதிர் அணியில். நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே பழக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புத் தூளைப் பரப்பி எறியச் சொல்வேன். ஷூ முனை இழுத்த கோடு அறுபடாமல் இருந்தால் சாப்பிடப் போகலாம். அறுந்திருந்தால் மறுபடியும். அவளை நான் அடித்ததே இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். சில நாள் சாப்பாடு ஆறிப்போகும். அவள் அம்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விளக்கை அணைத்துவிடுவாள்.

சமீபத்தில் ஒருநாள் மகள் கேட்டாள்: "எல்லாருந்தான் கால தூக்குறாங்கப்பா. மத்த அம்பயருங்க ஒண்ணும் சொல்றதில்ல. நான் மட்டும் ஏன் இழுத்துக்கிட்டே கெடக்கணும்?"

"ஊரே ரோட்டுல எச்சில் துப்புதுன்னு நீயும் துப்புவியா?"

"இல்லப்பா."

அவள் இல்லை என்றால் இல்லைதான். நான் வளர்த்த பெண்.

இறுதி ஆட்டத்தில் மகள் ஆடுவதால் என்னை அம்பயராகப் போடவில்லை. அது நியாயம்தான், எனக்கு அதில் வருத்தமே கிடையாது. வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். காலையில் வழக்கம்போல மண்ணைச் சமன்செய்யப் போனேன். ரப்பர் பலகைக்கு முன்னால், திருட்டுக்கால் வந்து ஊன்றுகிற இடம் எது என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அங்கே ஒரு குழி வெட்டினேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கால் முழங்கால்வரை இறங்குகிற அளவுக்கு. பக்கங்கள் சரிந்துவிடாமல் செங்கல் வைத்தேன். கண்ணாடித் துண்டு, ஆணி எதுவும் போடவில்லை. நான் காட்டுமிராண்டி இல்லை. கடையின் பழைய அலமாரி முதுகிலிருந்து எடுத்த மெல்லிய பலகையால் மூடி, ஈரமண் தூவி, வாரிவிட்டேன். வீட்டில் ஒரு மணல் மூட்டையை வைத்து முன்கூட்டியே பார்த்திருந்தேன். மெதுவாக இறக்கினால் பலகை தாங்கியது. தூக்கிப் போட்டால் உடைந்தது.

நான் யாரையும் குறிவைக்கவில்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நடந்துபோகிறவளுக்கு ஆபத்தில்லை. காலை உரசி இழுப்பவளுக்கும் ஆபத்தில்லை. விதிப்படி எறிந்தால் அந்த மைதானத்தைப் போலப் பத்திரமான இடம் வேறில்லை.

முதலில் தவளைதான் எறிய வந்தாள். நான் பார்வையாளர் வரிசையில் பேக்கரிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கையைச் சுற்றினாள், பாய்ந்தாள், பின்கால் தரையை உரசிக்கொண்டு வந்தது. அடுத்த பந்தும் அப்படியே. ஸ்கேல் வைத்து இழுத்தது போல மண்ணில் கோடு. பேக்கரிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் உங்க புண்ணியம் சார். அன்னைக்கு நீங்க சொன்னதுலேர்ந்து அடுப்படிக்குப் பின்னாடி கால இழுத்து இழுத்துப் பழகுறா. ரெண்டு ஷூ கிழிஞ்சு போச்சு. அவ அம்மா திட்டுறா, இவ கேக்க மாட்டேங்குறா."

அவர் கையில் வெண்ணெய்ப் பிசுக்கு. என் கையை விடுவித்துக் கைக்குட்டையில் துடைத்தேன். விரல் இடுக்குகளிலிருந்து அது போகவே இல்லை.

அடுத்து என் மகள் எறிய நடந்து போனாள். அப்போதே எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நேரம் இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் எதற்காகச் சொல்ல வேண்டும்? அவள் கால் எழும்பாது. எழுந்து ஓடினால் அவளை நான் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். பெற்ற மகளை நம்பாத அப்பன் என்ன அப்பன்?

முதலில் ஒழுங்காகத்தான் எறிந்தாள். ஒவ்வொரு எறிக்கும் முன்னால் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டாள். நான் தலையசைத்தேன். பிறகு இரண்டு பேர் அவள் பந்தை அடித்து ஓடினார்கள். மட்டையோடு தவளை வந்து நின்றாள். இந்த முறை மகள் என்னைப் பார்க்கவில்லை, அம்பயரைப் பார்த்தாள். அவர் குனிந்து ஷூ கயிற்றை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். மகளின் கை சுற்றியது. கால் எழும்பியது.

தடுமாறியோ வழுக்கியோ எழும்பவில்லை, சார். பழகிய கால். என் முதுகுக்குப் பின்னால் பல நாள் எங்கேயோ பழகியிருக்கிறாள்.

பலகை உடைந்த சத்தத்தையும் அதற்கடுத்த சத்தத்தையும் மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கணுக்கால் இனி முழுதாக மடங்காது என்கிறார் டாக்டர். மட்டையை எறிந்துவிட்டு முதல் ஆளாக ஓடிப்போய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டவள் தவளை. குழியை வெட்டியது நான், மூடியதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

சாட்சி சொன்னவர்கள், நான் எழுந்து நின்று கையை நீட்டி உதவிக்கு ஆள் கூப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. இடது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினால், எறி செல்லாது என்று அர்த்தம். அந்த வெளியூர் அம்பயர் கையை நீட்டாமல் ஓடிவிட்டார், அதனால் நான் நீட்டினேன். மண்ணில் கிடந்து கத்திக்கொண்டிருந்தவள் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். என் கையைப் பார்த்தாள். உடனே கத்துவதை நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காலைத் தூக்கிவிட்டோமே என்ற வெட்கம்தான், பாவம்.