சீம்பால் கொடுத்த நேரம்

சீம்பாலை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. திரிந்துவிடும். வெல்லமும் ஏலக்காயும் கலந்து, கிண்ணத்தை இட்லிப் பானைக்குள் வைத்து, ஆவியில் இருபது நிமிடம் வேகவிட வேண்டும். ஆறியதும் கத்தியால் துண்டு போடலாம்.

டாக்டர் ஷண்முகப்ரியா, ஃப்ரீசரின் கடைசி அறையில் நீங்கள் பார்த்த மஞ்சள் பொட்டலங்கள் அதுதான். ஆறு இருக்க வேண்டும். சாண மாதிரிகள் வைக்கும் இடத்தில் சாப்பிடும் பொருளை வைத்தது தவறு. ஆனால் நீங்கள் என்னை எழுதித் தரச் சொன்னது அதைப் பற்றி மட்டும் அல்ல.

நீங்கள் இந்த லேபின் பொறுப்புக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நான் தேனாம்பேட்டையின் இதே கட்டடத்தில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியன். கன்றுக் கழிச்சல் மாதிரிகள் எல்லாம் என் கைக்குத்தான் வரும். பிறந்த ஒரு வாரத்துக்குள் கன்று கழிவதற்குப் பல காரணங்கள் உண்டு. பாக்டீரியாவாக இருக்கலாம், ஒட்டுண்ணியாக இருக்கலாம், வைரஸாக இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல மஞ்சள் தண்ணீர்தான். ரோட்டா வைரஸாக இருந்தால், அதன் மரபணுத் துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பதினொரு கோடுகள் தெரியும். மேலிருந்து நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு. இவ்வளவு தெளிவாகத் தன் பெயரைச் சொல்லும் நோய் வேறு எனக்குத் தெரியாது.

நாகராஜ் மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் நான்கு மாடு வைத்திருக்கிறார். பதினைந்து வருடமாக எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுபவர். அவர் கொட்டகையில் ஒரு வருடத்தில் நான்கு கன்றுகள் பிறந்தன. நான்கும் செத்தன. நான்கு அறிக்கையிலும் ரோட்டா வைரஸ் என்று எழுதியிருக்கிறேன். நான்கும் சரியான முடிவுகள்.

நீங்கள் கேட்டது படிவத்தின் கடைசிக் கட்டத்தைப் பற்றி. ‘சீம்பால் கொடுத்த நேரம், அளவு.’ முதல் கன்றுக்கு அதை நிரப்பியிருக்கிறேன். மற்ற மூன்றுக்கும் காலியாக விட்டிருக்கிறேன்.

முதல் கன்று போன நவம்பரில் மழையில் பிறந்தது. நஞ்சுக்கொடி விழாமல் மடியில் கை வைக்கக் கூடாது என்று நாகராஜ் காத்திருந்தார். கன்று குடிக்கும்போது ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. அப்படியே எழுதினேன். அந்தக் கன்றுக்கு நான் பொறுப்பு அல்ல.

அது பிறந்த அன்றே அவர் ஒரு தூக்கில் சீம்பால் கொண்டுவந்து கொடுத்தார். மாடு ஈன்றால் எங்களுக்குத்தான் முதலில். என் மனைவி மதுமதிக்கு அப்போது வயிற்றில் புற்றுநோய். அடையாறில் சிகிச்சை நடந்தது. பத்து நாளாக எது கொடுத்தாலும் வாந்தி. கஞ்சியும் இளநீரும்கூடத் தங்கவில்லை. சீம்பால் தங்கியது. இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத் தட்டை நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் வெட்டுங்க. என்னை என்ன குழந்தைன்னு நினைச்சீங்களா?”

மறுநாள் காலை வாசலுக்கு எழுந்து வந்து நாகராஜை வம்புக்கு இழுத்தாள். அவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

“அம்மா கேக்கறாங்கோ சார், இன்னா நாகராஜ், பால்ல தண்ணி ஊத்துறியா, தண்ணில பால் ஊத்துறியான்னு. அப்பவே புரிஞ்சிகினேன், ஒடம்பு தேவலன்னு.”

ஆறாம் நாள் அவருடைய கன்று செத்தது.

இரண்டாவது கன்று பிப்ரவரியில். நாகராஜ் நான் சொன்னபடி சுண்ணாம்பு தூவியிருந்தார், தனி வாளி வைத்திருந்தார், கை கழுவ சோப்பு கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான்காம் நாள் கழிய ஆரம்பித்தது. சாக்கை விரித்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைப் பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விட்டார்.

“காதத் தொட்டுப் பாரு சார். ஐஸ் மாதிரி கீது.”

தொட்டுப் பார்த்தேன். பிறகு சாண மாதிரி எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தேன். பதினொரு கோடுகள்.

மூன்றாவது ஜூனில். அதுவும் அப்படியே.

கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்காது. தாயின் சீம்பாலில்தான் அது வர வேண்டும். குடல் அதை உள்ளே விடுவதும் முதல் நாள் மட்டும்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் கன்று செத்த மறுவாரம், லேபுக்குக் கிளம்பும்போது நாகராஜ் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார்.

“நாலு பேர்கிட்ட விசாரிச்சேன் சார். சீம்பால் குடுக்கறதாலதான் கழியுதுன்றான் ஒருத்தன். அதக் குடுக்காமயா கன்னு நிக்கும்ன்றான் இன்னொருத்தன். நீ படிச்சவரு. இன்னா செய்யட்டும், சொல்லு.”

உள்ளே மதுமதி கிண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதுதான் கடைசித் துண்டு. அடுத்த மாடு ஈன இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

“கொடுக்காதீங்க,” என்றேன். “மூணு நாள் வேற மாட்டுப் பால் கொடுங்க. சீம்பால் முழுசையும் கறந்து எடுத்துடுங்க.”

ஒரு மாடு முதல் நாளில் நான்கைந்து லிட்டர் தரும். கன்றுக்கு இரண்டு லிட்டர் இருந்தால் போதும். பங்கு போட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். முதல் கறவைதான் கெட்டியாக உறையும். இரண்டாம் நாள் பால் கொழகொழவென்று நிற்கும். அவள் அதைத் துப்பிவிட்டாள். ஒரு மாட்டின் முதல் கறவையைப் பொட்டலம் கட்டி உறையவைத்தால் நாற்பது நாள் வரும். இரண்டு லிட்டர் குறைந்தால் இருபத்தைந்து நாள். மைனஸ் இருபதில் வைக்க வீட்டில் வசதி இல்லை.

நாகராஜ் தூக்கோடு வரும்போதெல்லாம் நன்றி சொல்வார். அவருக்காக நான் சாணத்தை அள்ளிப் பார்க்கிறேனே என்று.

மதுமதி ஒரு தடவை கேட்டாள், “கன்னுக்குட்டிக்கு மிச்சம் வெச்சாராங்க?”

“வெச்சார்,” என்றேன். அவள் சாப்பிட்டாள்.

ஆகஸ்டில் மதுமதி இறந்தாள். ஆறு பொட்டலம் மீதி. எடுத்துப் போடத் தோன்றவில்லை.

அக்டோபரில் நான்காவது மாடு ஈன்றது. கொட்டகையில் வயதானது அதுதான். கெடேரி, பெண் கன்று. நெற்றியில் வெள்ளை. நாகராஜ் காலை ஆறரைக்குத் தூக்கோடு வந்தார். மதுமதி படத்தின் முன்னால் அதை வைத்தார்.

“அம்மா இல்லன்னாலும் அம்மா பங்கு இது.” பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். “சார், இதுக்கு இதான் கடேசி ஈத்து. இந்தக் கன்னு நின்னாதான் நம்ம கொட்டா நிக்கும். இந்த வாட்டி சீம்பால் குடுத்துப் பாக்கட்டா? பொறந்து மூணு மணி நேரங்கூட ஆவல.”

எனக்கு அப்போது சீம்பால் தேவைப்படவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். மதுமதிக்காகச் செய்தது என்று இந்த ஒன்றை மட்டும் என்னால் சொல்ல முடியாது.

நான் யோசித்தது இதுதான். கொடுங்கள் என்று சொல்லி, இந்தக் கன்று பிழைத்துவிட்டால், சீம்பால் கொடுக்காத மற்ற இரண்டும் ஏன் பிழைக்கவில்லை என்று அவர் கேட்பார். இன்று இல்லாவிட்டாலும் என்றாவது ஒரு நாள் பால் ஊற்றும்போது கேட்பார். அந்த மனிதருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

“வேண்டாம்,” என்றேன்.

“செரி சார்,” என்றார். நின்றார். மறுபடியும், “செரி,” என்றார்.

அவர் போனதும் வெல்லம் தட்டிப் போட்டு ஆவியில் வைத்தேன். நன்றாக உறைந்தது. ஒரு துண்டு படத்துக்கு முன்னால் வைத்தேன். மீதியைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தேன்.

கெடேரி ஒன்பது நாள் இருந்தது. நாகராஜ் அதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மாதிரியை நான் கேட்காமலே ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்தார். மூடியைத் துடைத்து, மேலே தேதி எழுதி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை நாகராஜிடம் சொல்ல வேண்டாம். அவர் தாங்க மாட்டார்.

மூன்று படிவங்களிலும் கடைசிக் கட்டத்தை இன்று நிரப்பிவிட்டேன். சீம்பால் கொடுத்த நேரம்: கொடுக்கவில்லை. அளவு: இல்லை. கட்டத்துக்கு வெளியே, ‘என் சொல்லின்படி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நோய்க்கான காரணம் என்ற இடத்தை நான் தொடவில்லை. அதில் எழுதியிருப்பது சரிதான். பதினொரு கோடுகளும் இருந்தன.