இன்னும் வராத கேமரா

கேமரா வாங்கிவிட்டவனைவிட, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன்தான் பேச்சுத்துணைக்கு ஏற்றவன். வாங்கியவன் படம் எடுக்கப் போய்விடுவான். யோசிக்கிறவன் நம்மைத் தேடி வருவான்.

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், யோசிக்கிற ரகம். சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்து, கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். நான் யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறேன். வரப்போகும் மிரர்லெஸ் கேமராக்களில் என்னென்ன இருக்கும், என்ன விலைக்கு வரும் என்று ஊகித்துச் சொல்வேன். எனக்குக் கேமரா கம்பெனியில் ஒரு வாட்ச்மேனைக்கூடத் தெரியாது. ஊகத்துக்கு அதெல்லாம் எதற்கு?

ஒருநாள் அத்தான் புதுக் கேமராவுக்கு முன்பணம் கட்டக் கிளம்பியவர், போகிற வழியில் என் வீட்டை எட்டிப் பார்த்தார். "மாப்ளே, வாங்கிடட்டுமா?" வாங்கிவிட்டால் சாயங்காலங்களில் என் பக்கம் யார் வருவார்கள்?

"அவசரப்படாதீங்க அத்தான். இதைத் தூக்கிச் சாப்பிடற மாதிரி ஒண்ணு வருது. எவ்வளவு நேரம் வீடியோ எடுத்தாலும் சூடாகாது. கும்மிருட்டுலயும் முகத்தை விடாமப் பிடிக்கும். விலை பாதிதான்." வாயில் வந்ததைச் சொன்னேன். நன்றாக வந்திருந்ததால் அதையே வீடியோவாகவும் போட்டேன்.

மறுவாரம் இன்னொரு சேனல்காரர் அதையே 'நம்பத்தகுந்த வட்டாரம்' என்று எடுத்துப் போட்டார். அத்தான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பாத்தியா மாப்ளே, நீ சொன்னதையே அவங்களும் சொல்றாங்க." எனக்கே புல்லரித்துப் போயிற்று.

புதியது வந்துவிட்டால் பழையதை ஒருவரும் சீந்தமாட்டார்கள். அதனால் முன்பே தள்ளிவிடச் சொன்னேன். இருந்த இரண்டு கேமராவையும் விற்றார். கண்டவன் கைக்குப் போகவேண்டாமே என்று, நண்பனின் கடை மூலமாக நானே வாங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் அதே கடை வழியாக அவருக்கே வாடகைக்கும் விட்டேன். இனாமாகக் கொடுத்தால் மனுஷன் கூசிப்போவார். "என் பழைய கேமரா மாதிரியே கைக்கு அடக்கமா இருக்கு மாப்ளே" என்று ஒருநாள் பூரித்துப்போனார். "ஒரே மாடல்தானே அத்தான்" என்றேன். வயிறு வலிக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

அக்காதான் சிரிக்கவில்லை. வருவதெல்லாம் கேமரா வாடகைக்கே போனதில் ஸ்டூடியோவைக் காலி செய்தார்கள். பின்னணித் திரைகளைச் சுருட்டி அவள் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள். நல்லவேளையாக ஒரு விளம்பர நிறுவனத்தில் அத்தானுக்கு வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், கேமராவும் அவர்களுடையது. பதில் சொல்லக் கெடு அன்று சாயங்காலம் வரைதான். அத்தானோ, சொந்தக் கேமரா வருகிற நேரத்தில் இன்னொருவனிடம் கைகட்டி நிற்பதா என்று இழுத்தடித்தார்.

அக்கா என்னிடம் வந்தாள். "டேய், உன் கால்ல வேணாலும் விழறேன். அப்படி ஒரு கேமராவே கிடையாதுன்னு உன் வாயால சொல்லிடு. நான் சொன்னா சண்டைக்கு வர்றாரு. நீ சொன்னா கேப்பாரு." அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கிற்று. உடனே அவளோடு கிளம்பினேன்.

அத்தான், புதுக் கேமராவுக்கென்று வாங்கிவைத்த பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல். "வா மாப்ளே. விலை இன்னும் இறங்கும்னு பேசிக்கறாங்களே, நிஜமா?"

"நிஜந்தான் அத்தான். மெமரி கார்டு போடவும் ரெண்டு இடம் தர்றாங்களாம்."

என் முன்னாலேயே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆமாம், இல்லாத கேமராவை இருப்பதாகச் சொன்னது நான்தான். அந்த வேலை கைநழுவியதும் என்னால்தான். மறுக்கவில்லை. ஆனால் அப்படி மலர்ந்த முகத்தை வாடவிட எனக்கு மனசு வரவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி கடையில் சொல்லியிருக்கிறேன். ஆசைகாட்டி மோசம் செய்கிற புத்தி எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.